கொல்லிமலையில் கம்ப்ரஷன் திருகு எதற்கு?

காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவுக்கும் எண் போட்ட பலகை உண்டு. ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தை இந்த வளைவுகளிலேயே ஏறிக் கடக்கிறோம். நாமக்கல், சேலம், கரூர், திருச்சி வட்டார சைக்கிள்காரர்களுக்கு இது ஏறிப் பார்த்தே தீரவேண்டிய சாலை. கியர் வைத்த மலை சைக்கிளில் வருபவர்களின் பேச்சு, இறங்கும் நேரம் வந்ததும் முன் ஃபோர்க்கின் பக்கம் திரும்பிவிடும். "பிரேக் பிடிச்சா முன்னால ரொம்பக் குனியுது" என்பார் ஒருவர். "கம்ப்ரஷனைக் கூட்டி வை" என்பார் இன்னொருவர். நீலத் திருகு நாலைந்து கிளிக் உள்ளே போகும். இந்த அறிவுரை எந்த அளவுக்குச் சரி என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொண்டை ஊசி வளைவில் வண்டி குனிவதற்கு மருந்து கம்ப்ரஷன் திருகில் இல்லை, ஃபோர்க்கின் காற்றழுத்தத்தில் இருக்கிறது. கம்ப்ரஷனுக்கு உண்மையான வேலை வருவது மலைக்கு மேலே, ஊர்களுக்கு நடுவே ஓடும் செம்மண் தடங்களில்தான். அங்கேயும் பெரும்பாலானோர் அதைக் கூட்டுவதைவிடக் குறைப்பதே நல்லது.

அதற்கு முன்னால், கையில் இருக்கும் திருகு எந்தத் திருகு என்று பார்த்துவிட வேண்டும். நம் ஊரில் விற்கும் மலை சைக்கிள்களில் பெரும்பகுதி ஸ்பிரிங் ஃபோர்க் வைத்தவை. எஸ்ஆர் சன்டூர் நிறுவனத்தின் எக்ஸ்சிடி, எக்ஸ்சிஎம் வகைகளை அடிக்கடி பார்க்கலாம். அதற்கும் கீழே பெயர் சொல்லத் தேவையில்லாத ஃபோர்க்குகள் ஏராளம். இவற்றில் இடது காலின் உச்சியில் ஒரு பிளாஸ்டிக் திருகு இருக்கும். அதைக் கம்ப்ரஷன் என்று நினைத்துத் திருகுகிறவர்கள் மிகப் பலர். உண்மையில் அது பிரீலோட். அந்த மூடியைக் கழற்றிப் பார்த்தால் விஷயம் கண்ணெதிரே விளங்கிவிடும்: ஒரு பிளாஸ்டிக் அடைப்பான், அதற்குக் கீழே கிரீஸ் பூசிய நீள ஸ்பிரிங். அந்தக் காலில் ஆயிலும் இல்லை, வால்வும் இல்லை. திருகினால் அடைப்பான் சற்றுக் கீழிறங்கி ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கிறது. ஸ்பிரிங்கின் விறைப்பு அதனால் மாறுவதில்லை. ஆள் ஏறி உட்கார்ந்ததும் ஃபோர்க் இறங்கும் அளவு மட்டும் குறையும். எவ்வளவு வேகமாக அமுங்க வேண்டும் என்பதில் இந்தத் திருகுக்கு எந்தப் பங்கும் இல்லை.

வலது காலின் உச்சியில் இருக்கும் சுவிட்ச் பெரும்பாலும் லாக் அவுட். எக்ஸ்சிடியிலேயே இது இரண்டு வகையாக வருகிறது. ஒன்றில் ஆயில் ஓட்டத்தை அடைத்து ஃபோர்க்கைப் பூட்டுவார்கள். இன்னொன்றில் உள்ளே ஓர் உலோகத் துண்டு குறுக்கே நின்று பூட்டும். இரண்டுமே திறப்பு அல்லது மூடல் என்ற இரு நிலைக்கானவை. இடைநிலையில் நிறுத்திக் கம்ப்ரஷனை நுணுக்கமாக மாற்றலாம் என்று எதிர்பார்க்கக் கூடாது. காற்று ஃபோர்க்குகளுக்குப் போனால்தான் ஓரளவு உண்மையான கம்ப்ரஷன் கட்டுப்பாடு கிடைக்கிறது. ராக்ஷாக்ஸ், ஃபாக்ஸ் இரண்டிலும் பொதுவழக்கமாக நீலம் கம்ப்ரஷனுக்கு, சிவப்பு ரீபவுண்டுக்கு. கீழ்நிலை மாடல்களில் ஒரே நீலத் திருகு முழுத் திறப்பிலிருந்து பூட்டுவரை போகும். மேல்நிலை மாடல்களில் குறைவேகக் கம்ப்ரஷன், அதிவேகக் கம்ப்ரஷன் என்று இரண்டு தனித் திருகுகள் இருக்கும். ஸ்பிரிங் ஃபோர்க் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையின் மீதியைப் படிக்கத் தேவையில்லை என்று நினைத்துவிட வேண்டாம். குனிவைப் பற்றி நான் சொல்லப்போவது அவர்களுக்குத்தான் அதிகம் பொருந்தும்.

ஃபோர்க்குக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஸ்பிரிங், அது உலோகமாக இருந்தாலும் காற்றாக இருந்தாலும், அடியை வாங்கிச் சேமித்து வைத்துத் திருப்பிக் கொடுக்கிறது. டேம்பர் அந்த ஆற்றலின் ஒரு பகுதியை வெப்பமாக்கிச் செலவழித்துவிடுகிறது. டேம்பருக்குள் ஆயில், சிறு துளைகள் வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும். மருத்துவர் கையிலிருக்கும் ஊசிக்குழாயை மெதுவாக அழுத்தினால் மருந்து எளிதாக வெளியேறும், வேகமாக அழுத்தினால் கட்டைவிரல் தடுமாறும். ஃபோர்க்கிலும் அதே கதைதான். அமுங்கும்போது வரும் தடை கம்ப்ரஷன். மீளும்போது வரும் தடை ரீபவுண்ட். இரண்டுக்கும் பொதுவான ஒரு குணத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். தடை என்பது அசையும் வேகத்தைப் பொறுத்தது. அசைவு நின்ற இடத்தில் தடை பூஜ்யம்.

குறைவேகம், அதிவேகம் என்ற பெயர்கள் கொடுத்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. சாலையில் மெதுவாகப் போனால் ஒன்று, வேகமாகப் போனால் மற்றொன்று என்று எண்ணிக்கொள்கிறார்கள். இங்கே சொல்லப்படும் வேகம் சைக்கிளின் வேகமில்லை, ஃபோர்க் அமுங்கும் வேகம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 29 அங்குலச் சக்கரம் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வந்து 5 செ.மீ. உயரக் கல்லில் ஏறுகிறது. சக்கரத்தின் ஆரத்தை வைத்துப் பார்த்தால், கல்லைத் தொட்ட கணத்திலிருந்து அதன் உச்சிக்கு வர சைக்கிள் சுமார் 18 செ.மீ. முன்னேற வேண்டும். அதற்கு ஆகும் நேரம் நொடியில் நூற்றில் நான்கு பங்குகூட இல்லை. அந்த நேரத்துக்குள் ஃபோர்க் 5 செ.மீ. அமுங்கியாக வேண்டும். அதாவது நொடிக்கு 1.3 மீட்டருக்குமேல். இனி பிரேக்கைப் பார்ப்போம். வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் கால் நொடியில் 2 செ.மீ. இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அது நொடிக்கு 8 செ.மீ. மட்டுமே. டயர் கொஞ்சம் உள்வாங்கிக்கொள்ளும் என்பதைக் கழித்தாலும் இரண்டுக்கும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். குறைவேகத் துளை பிரேக், மிதி, உடல் அசைவு ஆகியவற்றின் மெதுவான அமுக்கத்தைப் பார்த்துக்கொள்கிறது. கல்லடி வரும்போது அந்தச் சிறு துளையால் அவ்வளவு ஆயிலைக் கடத்த முடியாது. அப்போது மெல்லிய எஃகுத் தகடுகளின் அடுக்கு வளைந்து வேறு வழி திறக்கிறது. அதிவேகத் திருகு அந்தத் தகடுகள் எவ்வளவு எளிதில் வளைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. மணிக்கு ஐந்து கிலோமீட்டரில் ஊர்ந்து போனாலும் கல் கல்தான்: ஃபோர்க்கைப் பொறுத்தவரை பிரேக்கைவிட வேகமான அமுக்கம்தான்.

இப்போது 70 வளைவுகளுக்கு வருவோம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 1.1 மீட்டர், இரு சக்கர அச்சுகளுக்கு இடையே 1.15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஈர்ப்பு முடுக்கத்தில் பத்தில் நான்கு பங்கு அளவுக்கு பிரேக் பிடித்தால், 32 கிலோவுக்குக் குறையாத சுமை பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரத்துக்கு மாறிவிடுகிறது. முன் சக்கரம் சாதாரணமாகத் தாங்குவதே ஏறத்தாழ அவ்வளவுதான். ஆக ஃபோர்க்கின் சுமை இரட்டிப்பாகிறது. 20 மி.மீ. இறக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த 100 மி.மீ. ஃபோர்க், மேலும் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கும். இறக்கச் சரிவும் தன் பங்குக்குச் சுமையை முன்னே தள்ளும். இதுதான் நாம் உணரும் குனிவு.

இதே பிரேக் எவ்வளவு நேரம் நீடிக்கிறது? 35 கிலோமீட்டர் வேகத்தை 12 கிலோமீட்டராகக் குறைத்தால்தான் கொண்டை ஊசிக்குள் கட்டுப்பாடாக நுழைய முடியும். மேற்சொன்ன அழுத்தத்தில் அதற்கு ஒன்றரை நொடிக்கு மேல் ஆகும். நம்மில் பலர் இன்னும் மென்மையாக, இரண்டு மூன்று நொடி பிடிப்பவர்கள். வழக்கமான டேம்பர் அமைப்பில் ஃபோர்க் தன் புதிய நிலைக்கு வந்து நிற்க இதில் ஒரு சிறு பகுதி நேரமே போதும். குறைவேகக் கம்ப்ரஷனை நாலு கிளிக் கூட்டினால் ஃபோர்க் அங்கே போய்ச் சேரச் சற்றுத் தாமதமாகும். ஆனால் போய்ச் சேராமல் இருக்காது. அசைவு நின்றதும் டேம்பர் எதையும் தாங்குவதில்லை. வளைவின் வாயில் ஃபோர்க் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதை முடிவு செய்வது ஸ்பிரிங் ஒன்றே. அதனால்தான் கொல்லிமலையின் நீண்ட பிரேக்குக்குக் காற்றழுத்தத்தைச் சற்றுக் கூட்டுவதுதான் வழி என்கிறேன். அல்லது ஃபோர்க்குக்குள் காற்றறையின் கொள்ளளவைக் குறைக்கும் பிளாஸ்டிக் டோக்கன் ஒன்றைக் கூடுதலாகப் போடலாம். டோக்கன் போட்டால் தொடக்க மென்மை பெரிதாகக் கெடாமல், பாதிக்குமேல் அமுங்கும்போது விறைப்பு ஏறும். ஸ்பிரிங் ஃபோர்க்காரர்களுக்கு விறைப்பான ஸ்பிரிங் மாற்றுவது ஒன்றே உண்மையான தீர்வு. சில மாடல்களுக்கு அது தனியாகக் கிடைக்கிறது. பிரீலோட் திருகைக் கூட்டினால் எல்லா இடத்திலும் சிறிது உயரம் கூடும், அவ்வளவுதான்.

கம்ப்ரஷனால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. எதிரே பேருந்து திரும்பும்போது சட்டென்று ஒரு பிடி பிடிக்கிறோம், உடனே விடுகிறோம். அரை நொடிக்கும் குறைவான அத்தகைய பிடிகளில் குறைவேகக் கம்ப்ரஷன் நன்றாகவே உதவும். ஆனால் அதை அளவுக்குமேல் கூட்டியவர் கொடுக்கும் விலை பெரியது. கனரக வண்டிகள் வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கும் இடங்களில் தார் நெளிந்துபோவது மலைச் சாலைகளின் இயல்பு. நாமும் அதே இடத்தில்தான் பிரேக் பிடிக்கிறோம். விறைத்த ஃபோர்க் அந்த நெளிவுகளின்மேல் துள்ளும். துள்ளும் சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு இல்லை. நிறுத்த வேண்டிய நேரத்தில் முன் சக்கரம் சறுக்குவதைவிட மோசமான விபத்து மலைச் சாலையில் கிடையாது.

மோட்டார் சைக்கிள் உலகம் இந்தப் பாடத்தை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே படித்துவிட்டது. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு குனிவைத் தடுக்கும் ஃபோர்க்குகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. பிரேக் பிடித்த கணமே கம்ப்ரஷன் துளை தானாக அடைபடும். ஹோண்டாவும் சுசூகியும் வெவ்வேறு வழியில் இதைச் செய்தன. விளம்பரத்தில் அழகாக இருந்தது. மேடுபள்ளத்தில் பிரேக் பிடித்தவர்களுக்கு ஃபோர்க் மரக்கட்டையாகிவிட்டது. சில ஆண்டுகளிலேயே அந்த ஏற்பாடு வழக்கொழிந்தது. மலை சைக்கிளில் இதே சிக்கலை வேறு பக்கமிருந்து அணுகியவர் சஸ்பென்ஷன் வடிவமைப்பாளர் டேவ் வீகிள். அவர் பங்கேற்ற டிரஸ்ட் நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த ஃபோர்க், டேம்பரை நம்பாமல் இணைப்புக் கம்பிகளின் வடிவமைப்பாலேயே குனிவைக் குறைத்தது. விலை அதிகம், தோற்றமும் வித்தியாசம். 2020-இல் அந்த முயற்சி நின்றுபோனது. பிரேக்கின் விசையை எதிர்க்க வடிவமைப்பால் முடியும், ஸ்பிரிங்கால் முடியும். டேம்பரை மட்டும் வைத்துக்கொண்டு முடியாது என்பதற்கு இந்த இரண்டு வரலாறுகளும் சான்று.

குனிவை முழுவதுமாக ஒழிக்க வேண்டுமா என்பதே இன்னொரு கேள்வி. முன்பக்கம் 2 செ.மீ. இறங்கினால் சைக்கிளின் தலைக்கோணம் ஏறத்தாழ ஒரு டிகிரி நிமிர்கிறது. சைக்கிள் சற்றுச் சுறுசுறுப்பாகத் திரும்பும். இறுக்கமான வளைவுக்குள் நுழையும்போது அது நமக்குச் சாதகம். பந்தய மோட்டார் சைக்கிள்காரர்கள் இதை வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள். வளைவின் நடுவில் பிரேக்கை விட்டதும் ஃபோர்க் எப்படி எழும்புகிறது என்பதில்தான் வண்டி கோட்டை விட்டு விலகுவதும் விலகாததும் இருக்கிறது. அது ரீபவுண்டின் பொறுப்பு. கொல்லிமலைச் சாலைக்கு மட்டும் சைக்கிளைத் தயார் செய்கிறவர் என்னிடம் கேட்டால், நீலத் திருகை விட்டுவிட்டு அடியிலிருக்கும் சிவப்புத் திருகில் நேரம் செலவிடுங்கள் என்பேன்.

ஏற்றத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. தார்ச்சாலை, தொடர்ந்த ஏற்றம், உட்கார்ந்தே மிதிப்பவருக்கு ஃபோர்க் அசைவால் போகும் சக்தி சொற்பம். எழுந்து நின்று மிதிப்பவருக்கு லாக் அவுட் பயன்படும். கேரள மேற்குத் தொடர்ச்சி மலையில் பொன்முடியில் 2023 அக்டோபரில் ஆசிய மலை சைக்கிள் சாம்பியன்ஷிப் நடந்தது. அத்தகைய குறுக்கு நாட்டுப் பந்தயத்தில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும், அதனால் ஹேண்டில் பாரிலேயே லாக் அவுட் விசை தேவைப்படுகிறது. காரவள்ளியில் ஒருமுறை பூட்டி, மேலே போய் ஒருமுறை திறக்கிற நமக்கு அந்தச் செலவு வேண்டியதில்லை. திறக்க மறக்காமல் இருந்தால் போதும். பூட்டிய ஃபோர்க்கோடு இறங்குவது கைக்கும் கேடு, டேம்பருக்கும் கேடு. நல்ல ஃபோர்க்கில் பெரிய அடி வந்தால் பூட்டு தானாக விட்டுக்கொடுக்கும் வால்வு இருக்கும். மலிவானதில் அதை நம்பியிருக்கக் கூடாது.

மேலே சோளக்காடு, செம்மேடு தாண்டியதும் கதை மாறுகிறது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து கிடக்கும் மலை இது. தார்ச்சாலை போகாத குடியிருப்புகளுக்கும் சாமை, கேழ்வரகு வயல்களுக்கும், சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏற்றிய காப்பித் தோட்டங்களுக்கும் இடையே தடங்கள் ஓடுகின்றன. அடியில் கெட்டியான சார்னோகைட் பாறை. மேலே பல இடங்களில் செம்பூரான் மண். மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் பாக்சைட் வெட்டி அனுப்பிய மலை இது என்பதை நினைத்தால் இந்த மண்ணின் தன்மை புரியும். மழை மேல்மண்ணை அரித்ததும் கோலிக்குண்டு அளவில் உருண்டைச் சரளை மிஞ்சுகிறது. அதற்கிடையே பாறை முனைகள் தலைநீட்டுகின்றன. சைக்கிளுக்கு இவை இரண்டு வேறு சோதனைகள். சரளையில் சக்கரம் தரையைவிட்டு எழவே கூடாது. ஒவ்வொரு சிறு உருண்டையையும் ஃபோர்க் பின்பற்ற வேண்டும். பாறை முனையில் திடீர் அடி. உள்ளங்கைக்கு வந்து சேரும் முன் அது கரைய வேண்டும். முன்னதற்குக் குறைவேகக் கம்ப்ரஷன் திறந்திருக்க வேண்டும். பின்னதற்கு அதிவேகக் கம்ப்ரஷன் திறந்திருக்க வேண்டும். ஃபோர்க் அடிக்கடி கடைசிவரை இடித்தால் மட்டுமே அதிவேகத்தை ஒவ்வொரு கிளிக்காகக் கூட்டலாம். அதுவும் காற்றழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு.

இந்தத் தடங்கள் யாருக்கு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். விறகும் விளைச்சலும் தலையில் சுமந்து மக்கள் நடந்து போகும் பாதைகள் இவை. எதிரே ஆள் வந்தால் சைக்கிளை நிறுத்தி இறங்கி வழிவிடுவதே முறை. காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றிச் சைக்கிளோடு நுழையக் கூடாது. அறப்பளீசுவரர் கோயிலிலிருந்து ஆகாய கங்கைக்கு இறங்கும் படிக்கட்டு நடப்பவர்களுக்கானது. சஸ்பென்ஷனைச் சோதிக்க அங்கே சைக்கிளை இறக்குவதை யார் செய்தாலும் தவறு.

கம்ப்ரஷனைக் குறைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் நம் உடல் எடை. ஃபோர்க்குகளின் உள்ளமைப்பு நடுத்தர எடையுள்ள ஐரோப்பிய, அமெரிக்க ஓட்டுநரை மனத்தில் வைத்தே பெரும்பாலும் தீர்மானிக்கப்படுகிறது. காற்றழுத்தத்தை யார் எடைக்கும் மாற்றலாம். ஆனால் உள்ளே தகடுகளின் அடுக்கு ஆலையில் வைத்ததுதான். வெளித்திருகு அதன்மேல் கூட்ட மட்டுமே செய்யும். 55 கிலோ எடையுள்ள ஒருவர் நீலத் திருகை முழுவதும் திறந்தாலும் ஃபோர்க் அவருக்குச் சற்று விறைப்பாகவே இருக்கலாம். அப்படிப்பட்டவர் யாரோ சொன்ன கிளிக் எண்ணிக்கையைப் பின்பற்றி நாலு கிளிக் உள்ளே வைப்பது தன் மணிக்கட்டைத் தானே தண்டிப்பதாகும். பெண்களுக்கும் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கும் சைக்கிள் தயார் செய்து கொடுக்கும் கடைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இவர்கள் ஓட்டும் ஃபோர்க்கில் கம்ப்ரஷன், ரீபவுண்ட் இரண்டுமே முழுத் திறப்புக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டியிருக்கும்.

நம் கையில் இருக்கும் திருகுகள் எங்கிருந்து வந்தன என்பது இந்தக் கேள்விக்குத் தேவையான பின்னணிதான். மோட்டோகிராஸ் அனுபவம் உள்ள பால் டர்னர் 1989-இல் ராக்ஷாக்ஸைத் தொடங்கினார். முதல் ஃபோர்க்கான ஆர்எஸ்-1 ஏறத்தாழ 5 செ.மீ. மட்டுமே அமுங்கும். 1990-இல் அமெரிக்காவின் துராங்கோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் கிரெக் ஹெர்போல்ட் அந்த ஃபோர்க்கோடு இறக்கப் பந்தயத்தை வென்றார். அதன்பிறகு விறைத்த ஃபோர்க்கின் காலம் முடிந்தது. அமுங்கும் அளவு கூடக் கூட, மிதிக்கும்போது வண்டி ஆடுகிறது என்ற புகாரும் கூடியது. லாக் அவுட், மூன்று நிலைச் சுவிட்ச், கல்லடியை உணர்ந்து தானே திறக்கும் வால்வு என்று விடைகள் வரிசையாக வந்தன. 2018-இல் ஃபாக்ஸின் லைவ் வால்வும் 2021-இல் ராக்ஷாக்ஸின் ஃபிளைட் அட்டெண்டன்ட்டும் அந்த முடிவை மின்னணுக் கருவியிடமே ஒப்படைத்தன. இந்த வரலாறு முழுவதிலும் கம்ப்ரஷனைப் பெரும்பாலும் மிதிப்பதற்காகவே கூட்டியிருக்கிறார்கள். இறக்கத்துக்கு வந்ததும் அதைத் திறந்துவிடத்தான் எல்லாக் கருவிகளும் முயல்கின்றன.

அடிவார வெயிலும் மலைக் குளிரும் செய்யும் வேலையைப் பற்றிச் சைக்கிள்காரர்களிடையே பெரிய நம்பிக்கைகள் உண்டு. கணக்குப் பார்த்தால் அவ்வளவு பெரிதில்லை. கோடையில் 38 டிகிரியில் அடிவாரத்தில் 90 பிஎஸ்ஐ ஏற்றிக்கொண்டு 27 டிகிரியுள்ள மலை உச்சிக்குப் போனால், குளிர்ச்சியால் உள்ளழுத்தம் குறையும். உயரத்தால் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவதால் அதில் ஒரு பகுதி ஈடாகிவிடும். மிச்சம் 2 பிஎஸ்ஐ குறைவு. யாரும் உணர முடியாது. மார்கழிக் காலையில் செம்மேட்டில் 18 டிகிரியில் 90 ஏற்றி, பகலில் 33 டிகிரியுள்ள அடிவாரத்துக்கு வந்தால் சூட்டால் உள்ளழுத்தம் ஏறும், வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதால் அதில் ஒரு பகுதி இங்கும் ஈடாகிவிடும். அதற்குப் பிறகும் கிட்டத்தட்ட 4 பிஎஸ்ஐ ஏறியிருக்கும். அதை நுணுக்கமானவர்கள் உணரலாம். ஆயில் சூட்டில் இளகுவதால் டேம்பிங் சற்றுக் குறைவதும் உண்மை. ஆனால் காலையில் வைத்த கிளிக்கை மதியம் மாற்றும் அளவுக்கு அது போகாது. காற்றைச் சரிபார்க்கும் வேளையையும் இடத்தையும் ஒன்றாகவே வைத்துக்கொண்டால் இந்தக் கவலையே வேண்டாம்.

சரிசெய்யும் வரிசையில் முதல் இடம் டயருக்கு. டயரில் காற்று அதிகமாக இருந்தால் ஃபோர்க் விறைப்பாக இருப்பதுபோலவே தோன்றும், நாம் தவறான திருகைத் தேடுவோம். அடுத்தது ஃபோர்க்கின் காற்று. முதுகுப்பை, தண்ணீர் எல்லாவற்றோடும் ஏறி நின்று, ஃபோர்க் தான் அமுங்கக்கூடிய மொத்த நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு இறங்கும்படி வைத்துத் தொடங்கலாம். கடைக்காரர்கள் இதை சேக் என்பார்கள். சாலை இறக்கம் மட்டுமே என்றால் 15 சதவீதத்தை நோக்கி, தடங்களில்தான் அதிக நேரம் என்றால் 25 சதவீதத்தை நோக்கி நகர்த்தலாம். பிறகு ரீபவுண்ட். கடைசியாகத்தான் கம்ப்ரஷன். கிளிக் எண்ணும்போது திருகை வலப்பக்கம் முழுவதும் மூடி, அங்கிருந்து வெளியே எண்ண வேண்டும் என்பது ஃபாக்ஸின் முறை. வேறு சிலர் திறப்பிலிருந்து எண்ணுவார்கள். நண்பரிடம் "ஆறு கிளிக்" என்று கேட்டு வாங்கும்போது எந்தப் பக்கத்திலிருந்து என்று கேட்காவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை.

கம்ப்ரஷனுக்குச் சரியான இடம் பார்த்துக் கண்டுபிடிப்பது தடத்தில்தான் முடியும். சரளையும் பாறை முனையும் ஒரு பிரேக் பிடிக்கும் இடமும் கொண்ட இரண்டு நிமிடத் துண்டு ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். முதல் சுற்று நீலத் திருகு முழுத் திறப்பில். அடுத்த சுற்று முழு மூடலில். இந்த இரண்டு எல்லைகளையும் கை அறிந்துகொண்ட பிறகுதான் நடுவில் தேடுவதற்குப் பொருள் உண்டு. ஃபோர்க்கின் மேல் குழாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். இல்லையென்றால் ஒரு கேபிள் டையைத் தளர்வாகக் கட்டிவிடலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் முன் அதைக் கீழே தள்ளிவிட்டு, முடிவில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கொல்லிமலைச் செம்மண் இதில் ஒரு உதவி செய்கிறது. குழாயைத் துடைத்துவிட்டுப் போனால், வளையத்துக்குக் கீழே பளபளப்பும் மேலே சிவப்புத் தூசிப் படலமுமாகக் கோடு தெளிவாகத் தெரியும். கடுமையான துண்டு முடிந்தும் மேல் மூன்றில் ஒரு பங்கு சிவப்பாகவே இருந்தால், நாம் காசு கொடுத்து வாங்கிய நீளத்தைப் பயன்படுத்தவில்லை என்று பொருள். அப்போது கம்ப்ரஷனைத் திறக்க வேண்டும். திறந்தும் மாறாவிட்டால் காற்றைக் குறைக்க வேண்டும். ஒரு சுற்றில் ஒரே ஒரு மாற்றம். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும்.

கையும் ஒரு அளவுகோல்தான். இறக்கத்தின் பாதியிலேயே முன்கை கல்லாகி, பிரேக்கை விரலால் இழுக்க முடியாமல் போகிறது என்றால் கம்ப்ரஷன் கூடியிருக்கிறது, அல்லது ரீபவுண்ட் மெதுவாக இருக்கிறது. ரீபவுண்ட் மெதுவாக இருந்தால் ஃபோர்க் ஓர் அடியிலிருந்து எழுவதற்குள் அடுத்த அடி வந்து, படிப்படியாகக் கீழே போய்ப் புதைந்துவிடும். புதைந்த ஃபோர்க் விறைப்பாகவும் இருக்கும், குனிந்தும் இருக்கும். இதைக் குனிவு என்று நினைத்துக் கம்ப்ரஷனைக் கூட்டுவது நோயை இரட்டிப்பாக்குவது. தொடர்ச்சியான கல்லடிகளுக்குப் பிறகுதான் முன்பக்கம் தாழ்கிறதா, பிரேக் பிடித்த உடனே தாழ்கிறதா என்று கவனித்தால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

மழைக்காலத்துக்குப் பிறகு இந்தச் சோதனைகள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஃபோர்க்கைக் கையால் மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். வழுக்கிக்கொண்டு இறங்காமல் விட்டு விட்டு இறங்கினால், சீலுக்கு அடியில் இருக்கும் நுரை வளையம் காய்ந்திருக்கிறது அல்லது சேறு புகுந்திருக்கிறது. அந்த உராய்வு, கையில் கம்ப்ரஷன் மாதிரியே உணரப்படும். எந்தத் திருகாலும் அதை எடுக்க முடியாது. கீழ்க்கால்களைக் கழற்றிச் சுத்தம் செய்து புது ஆயில் விடுவதற்கு ராக்ஷாக்ஸ் 50 மணி நேர ஓட்டத்தைக் கெடுவாகச் சொல்கிறது. ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது ஓராண்டு என்கிறது. செம்மண் புழுதியிலும் ஐப்பசிச் சேற்றிலும் ஓடும் ஃபோர்க்குக்கு முதல் கணக்கே பாதுகாப்பானது. சர்வீஸ் முடிந்து வந்த ஃபோர்க் பழைய கிளிக்கில் அதேபோல் ஓடாது. காற்றை மறுபடி பார்த்து, நீலத் திருகை முழுவதும் திறந்துவைத்து, அதே தடத்தில் முதல் சுற்றிலிருந்து தொடங்க வேண்டும்.